கடலூரில் இருந்துகொண்டு டிராவல் கார்டு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா, கேஷ்பேக்கே போதுமா?

ஆல்பேட்டை_வாசி · வெள்ளி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். சிப்காட்டில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. சம்பளம் போடும் வங்கி கொடுத்த சாதாரண கிரெடிட் கார்டு ஒன்று மட்டும் பல வருடமாகக் கையில் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் கிடையாது. பலன் என்று சொல்லிக்கொள்ளவும் எதுவும் கிடையாது. சேர்ந்த பாயின்டை வைத்துப் போன தீபாவளிக்கு ஒரு ஹாட்பேக் வந்தது, அவ்வளவுதான்.

இப்போது வேறொரு வங்கியிலிருந்து ஓயாமல் போன். "டிராவல் கார்டு சார், லவுஞ்ச் ஃப்ரீ சார், மைல்ஸ் சேர்த்தால் சிங்கப்பூர் டிக்கெட்டே ஃப்ரீயா எடுக்கலாம் சார்" என்கிறார் அந்தப் பெண். (லவுஞ்ச் என்றால் ஏர்போர்ட்டில் சாப்பாட்டோடு உள்ள ஓய்வறை, மைல்ஸ் என்றால் விமான டிக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ளும் பாயின்ட்.) ஆண்டுக் கட்டணம் 5,000, ஜிஎஸ்டி தனி. ஆபீஸ் நண்பரோ, அதெல்லாம் வேண்டாம், கேஷ்பேக் கார்டு எடு, மாதாமாதம் காசாகவே வரும் என்கிறார்.

என் மாதச் செலவு தோராயமாக இப்படி:

ஆன்லைன் 6,000 (அதில் அமேசான் மட்டும் 4,000 வரும்)
சூப்பர் மார்க்கெட் 5,000
தெருமுனை மளிகை, காய்கறி 4,000
அப்பாவுக்கு மாத்திரை மருந்து 2,000
கார், பைக் பெட்ரோல் 3,500

இது போக கரண்ட் பில், பையனின் ஸ்கூல் ஃபீஸ், வருடத்துக்கு ஒருமுறை எல்ஐசி.

மச்சான் சிங்கப்பூரில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போனால் பெரிய விஷயம். மற்றபடி எங்கள் பயணம் எல்லாம் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவதுதான். எதை எடுக்கலாம்?

முத்தியால்பேட்டை_மணி · வெள்ளி, இரவு 9.20

கேஷ்பேக். அடுத்த கேள்வி கேளுங்க.

குறிஞ்சிப்பாடி_தம்பி · வெள்ளி, இரவு 9.31

லவுஞ்ச் கார்டு கையில் இருந்தால் ஒரு கெத்துதானே அண்ணே. சென்னை ஏர்போர்ட்டில் ஒரு தோசையும் காபியும் என்ன விலை என்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு தடவை உள்ளே போனாலே பாதிக் கட்டணம் வந்துவிடும்.

நெய்வேலி_டவுன்ஷிப் · வெள்ளி, இரவு 10.44

தம்பி ஆல்பேட்டை, செலவைப் பட்டியல் போட்டுக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு நன்றி. பெரும்பாலோர் "எது பெஸ்ட் கார்டு" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், பட்டியலைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

முதலில் எதற்குப் பலன் வராது என்று பாருங்கள். பெட்ரோலுக்குப் பெரும்பாலான கார்டுகளில் பாயின்டும் இல்லை, கேஷ்பேக்கும் இல்லை. கரண்ட் பில், இன்சூரன்ஸ், ஸ்கூல் ஃபீஸ், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, நகை ஆகியவற்றையும் பல கார்டுகளில் விலக்கி வைத்திருக்கிறார்கள், அல்லது பலனைச் சொற்பமாக்கிவிட்டார்கள். டிராவல் கார்டானாலும் கேஷ்பேக் கார்டானாலும் இந்தப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். போனில் பேசும் பெண் இதைச் சொல்லமாட்டார்.

தெருமுனை மளிகைக்கடையில் ஸ்வைப் மெஷின் இருக்காது, க்யூஆர் அட்டைதான் இருக்கும். விசா, மாஸ்டர் கார்டில் அதை ஸ்கேன் செய்து கட்ட முடியாது. ஆகவே அந்த 4,000மும் போச்சு.

மிச்சம் என்ன? ஆன்லைன் 6,000, கடையில் தேய்ப்பது 7,000. மாதம் 13,000. வருடத்துக்கு 1,56,000. உங்கள் மொத்தச் செலவு எவ்வளவாக இருந்தாலும் கார்டுக்காரன் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்.

இதை வைத்து மூன்று கணக்கு போட்டேன்.

முதலாவது, ஆன்லைனுக்கு 5 சதவீதம், கடைக்கு 1 சதவீதம் தரும் கேஷ்பேக் கார்டு. எஸ்பிஐ கேஷ்பேக் மாதிரி. 300 + 70 = மாதம் 370, வருடத்துக்கு 4,440. ஆண்டுக் கட்டணம் 999, ஜிஎஸ்டியோடு 1,179. அதில் வருடத்துக்கு 2 லட்சம் செலவு செய்தால் கட்டணம் திரும்ப வரும், நீங்கள் அந்த அளவைத் தொடமாட்டீர்கள். கையில் நிற்பது 3,261.

இரண்டாவது, கட்டணமே இல்லாத அமேசான் பே ஐசிஐசிஐ. பிரைம் சந்தா உள்ளவர்களுக்கு அமேசானில் 5 சதவீதம், மற்ற இடங்களில் 1 சதவீதம். 4,000க்கு 200, மீதி 9,000க்கு 90. மாதம் 290, வருடத்துக்கு 3,480. அதாவது சதவீதம் அதிகம் தரும் கார்டைவிடக் கட்டணமில்லாத கார்டு உங்களுக்கு 219 ரூபாய் அதிகம் தருகிறது. ஒரு விஷயம்: பிரைம் ஏற்கெனவே இருந்தால்தான் இந்தக் கணக்கு. இல்லையென்றால் அமேசானில் 3 சதவீதம்தான், வருடத்துக்கு 2,520 ஆகிவிடும். கார்டுக்காகவே பிரைம் கட்டுவது வீண். கேஷ்பேக் அமேசான் பே பேலன்ஸாகத்தான் வரும், வங்கிக் கணக்குக்கு வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, உங்களுக்குப் போன் வரும் ரகம். 100 ரூபாய்க்கு 2 மைல் என்று வைத்துக்கொள்வோம். 1,56,000க்கு 3,120 மைல். மைலுக்கு ஒரு ரூபாய் என்று மதிப்புப் போட்டால் 3,120 ரூபாய். கட்டணம் ஜிஎஸ்டியோடு 5,900. கைநஷ்டம் 2,780. லவுஞ்ச் தோசை இதை ஈடுகட்டுமா என்று குறிஞ்சிப்பாடித் தம்பி சொல்லட்டும். இன்னொன்றும் தம்பி, முந்தைய காலாண்டில் இவ்வளவு ஆயிரம் செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச் என்று பல கார்டுகளில் நிபந்தனை வந்துவிட்டது.

குறிஞ்சிப்பாடி_தம்பி · வெள்ளி, இரவு 10.51

தோசையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் ஐயா.

லாஸ்பேட்டை_அக்கா · சனி, காலை 7.05

நெய்வேலி சார் கணக்கில் பிழை இல்லை, ஆல்பேட்டைத் தம்பிக்கு அது சரியான பதில்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு மைல் என்றாலே ஏமாற்று என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பாண்டியில் எங்களை மாதிரிக் குடும்பங்கள் நிறைய. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் பக்கத்தில் சொல்தா வீடு என்பார்கள். அண்ணன், சித்தப்பா எல்லோரும் பாரிஸ் பக்கம். யாருக்காவது கல்யாணம், காது குத்து என்று அங்கே போவதும் அவர்கள் இங்கே வருவதும் நின்றதே இல்லை. அதோடு நான் ஒரு சிறிய கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். மெத்தை, விரிப்பு, ஏசி, பாத்திரம் என்று கார்டில் போகும் செலவு சாதாரணக் குடும்பச் செலவைவிடப் பல மடங்கு.

மைலுக்கு ஒரு ரூபாய் என்று நெய்வேலி சார் நிலையாக வைத்துக்கொண்டார். அது நிலையான விலை இல்லை. எப்படிப் பார்ப்பது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். பள்ளி விடுமுறைக் காலத்தில் ஒரு டிக்கெட் காசு கொடுத்தால் 78,000 என்று வையுங்கள். அதே சீட்டு மைலில் 40,000 மைல், கூட வரி வகையறா 18,000 ரூபாய். (வரியை எப்போதும் காசாகத்தான் கட்ட வேண்டும். ஃப்ரீ டிக்கெட் என்று யாராவது சொன்னால் வரி எவ்வளவு என்று கேளுங்கள்.) 78,000இல் 18,000 கழித்தால் 60,000. அதை 40,000 மைலால் வகுத்தால் மைலுக்கு 1 ரூபாய் 50 காசு. அதே பயணம் கூட்டமில்லாத மாதத்தில் 46,000க்குக் கிடைக்கிறது என்றால் 28,000ஐ 40,000ஆல் வகுக்க வேண்டும், 70 காசு. அப்போது காசு கொடுத்துவிட்டு மைலைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன். விலை ஏறிக் கிடக்கும் மாதத்திலும் கட்டாயம் போயே ஆக வேண்டியவர்களுக்குத்தான் மைல் லாபம். கல்யாணத் தேதியை ஏர்லைன்ஸைக் கேட்டா வைக்கிறார்கள்?

எங்களுக்கு ஏர் பிரான்ஸ் - கேஎல்எம்மின் ஃபிளையிங் புளூ என்ற மைல் திட்டம் உதவுகிறது. இந்திய வங்கிகள் சிலவற்றின் பாயின்டை அங்கே மாற்றலாம். ஒருமுறை மாற்றினால் திரும்ப வராது. அதனால் சீட் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் மாற்றமாட்டேன். கணக்கில் அசைவே இல்லாமல் 24 மாதம் போனால் மைல் காலாவதி.

முத்தியால்பேட்டை_மணி · சனி, காலை 8.40

அக்கா, எல்லாம் சரி. ஆனால் ஏர்லைன்ஸ் மூடிவிட்டால்? 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றுபோனது. மைல் அழியவில்லை, இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறி உயிரோடுதான் இருந்தது. ஏறுவதற்குத்தான் ஜெட் விமானம் இல்லை. அப்புறம் விஸ்தாரா. 2024 நவம்பர் 12ஆம் தேதி ஏர் இந்தியாவோடு இணைந்தது. பாயின்டை ஒன்றுக்கு ஒன்று என்று ஏர் இந்தியாவின் மைல் திட்டமான மகாராஜா கிளப்பில் போட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் விஸ்தாரா பெயரில் கார்டு வைத்திருந்தவர்கள், வருடத்துக்கு இத்தனை இலவச டிக்கெட் என்று கணக்குப் போட்டு வாங்கியவர்கள், அந்தக் கார்டே இல்லாமல் போனதைப் பார்த்தார்கள். கையில் விழுந்த நூறு ரூபாய்க்கு இந்தக் கதி வராது.

லாஸ்பேட்டை_அக்கா · சனி, காலை 9.02

மணி, கையில் விழுந்தது வராது. இனி விழப்போவது குறையுமே. எஸ்பிஐ கேஷ்பேக் 2022 செப்டம்பரில் வந்தபோது என்ன வரவேற்பு! 2023 மே மாதமே கேஷ்பேக்கின் உச்சவரம்பை மாதத்துக்கு 5,000 என்று குறைத்து, இருந்த லவுஞ்சையும் எடுத்துவிட்டார்கள். ஒரு கார்டு அளவுக்கு மீறிக் கொடுக்கிறது என்று ஊர் முழுக்கப் பேச ஆரம்பித்தாலே அதன் நாள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம். அது இரண்டு ரகத்துக்கும் பொது.

நெய்வேலி_டவுன்ஷிப் · சனி, காலை 9.30

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் ஒன்றல்ல. கேஷ்பேக் விதி மாறினால் நாளைய வருமானம் குறையும். மைல் விதி மாறினால் நேற்று சேர்த்து வைத்ததும் சேர்ந்து குறையும். மைல் சேர்ப்பவர்கள் வருடக்கணக்காகப் பதுக்கி வைக்காமல் அவ்வப்போது செலவழித்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

பண்ருட்டி_பலா · சனி, பகல் 12.15

முந்திரி வியாபாரம் செய்கிறேன், கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் பார்வையில் ஒரு வார்த்தை.

நெய்வேலி ஐயா மளிகைக்கடை 4,000த்தை எழுதித் தள்ளிவிட்டார். அதை மீட்க வழி இருக்கிறது. விசா, மாஸ்டர் மாதிரி நம் நாட்டு வகையான ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ ஆப்பில் இணைத்துக்கொண்டால் கடை க்யூஆரை ஸ்கேன் செய்து கார்டிலிருந்தே கட்டலாம். 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது, செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. டிராவல் கார்டுகளில் பெரும்பாலானவை விசா, மாஸ்டர். அவற்றில் இந்த வசதி இல்லை. நம் ஊரில் பூக்கடை, டீக்கடை, இளநீர் வண்டி என்று எல்லாமே ஸ்கேன்தான். ரூபே கார்டு ஒன்று கட்டணமில்லாமல் கிடைத்தால் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

ஆனால் இரண்டு சங்கடம். கடைக்காரர் தன் சொந்த நம்பருக்கான க்யூஆரை ஒட்டி வைத்திருந்தால் கிரெடிட் கார்டு போகாது. வியாபாரிக் கணக்கின் க்யூஆராக இருக்க வேண்டும். காய்கறி விற்கும் ஆயாவிடம் பெரும்பாலும் பேரன் நம்பர்தான் இருக்கும். இன்னொன்று, சின்ன வியாபாரிக்கு 2,000 ரூபாய் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் போனால் எங்கள் பணத்தில் ஒரு பங்கு கமிஷனாகப் போய்விடும். எங்கள் கடையில் பலாப்பழ சீசனில் சுற்றுலாக்காரர்கள் முந்திரி வாங்கிவிட்டு 3,800 ரூபாயை அப்படி ஸ்கேன் செய்கிறார்கள். பெட்டி "பணம் பெறப்பட்டது" என்று கத்தும். ராத்திரி செட்டில்மென்ட்டில் பார்த்தால் குறைவாக வந்திருக்கும். உங்கள் ஒரு சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான். திட்டவில்லை.

ஆல்பேட்டை_வாசி · சனி, மாலை 6.20

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. நன்றி. பிரைம் இருக்கிறது, மனைவி சீரியல் பார்ப்பதற்காக எடுத்தது.

பெட்ரோல் 3,500க்கு எந்தக் கார்டும் உதவாதா? சர்சார்ஜ் தள்ளுபடி என்று எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்களே.

முத்தியால்பேட்டை_மணி · சனி, மாலை 6.33

ஆல்பேட்டையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? செக்போஸ்ட் தாண்டினால் முள்ளோடை. பாண்டி பங்கில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. எந்தக் கார்டும் அந்த அளவுக்குத் தராது.

உப்பளம்_பழசு · சனி, மாலை 6.41

முள்ளோடைக்குக் கடலூர்க்காரர்கள் பெட்ரோலுக்காகத்தான் வருகிறார்கள் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நெறியாளர் · சனி, மாலை 6.50

பேச்சு பெட்ரோலோடு நிற்கட்டும். மற்ற திரவங்களுக்குத் தனி இழை திறக்கவும் அனுமதி இல்லை.

நெய்வேலி_டவுன்ஷிப் · சனி, இரவு 8.10

சர்சார்ஜ் தள்ளுபடி என்பது லாபம் இல்லை தம்பி, உங்கள் மேல் போட்ட அபராதத்தைத் திருப்பித் தருவது. பங்கில் கிரெடிட் கார்டு தேய்த்தால் 1 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். 1,000 ரூபாய்க்குப் போட்டால் சர்சார்ஜ் 10 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 1 ரூபாய் 80 காசு. ஸ்டேட்மென்ட்டில் 10 ரூபாய் திரும்ப வரும், அந்த 1.80 வராது. அதுவும் ஒரு தடவைக்கு 400 அல்லது 500 ரூபாய்க்கு மேல் போட்டால்தான் தள்ளுபடி. பைக்குக்கு 200, 300 என்று போடுபவருக்கு முழு சர்சார்ஜும் தலையில். பெட்ரோலுக்கு வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ செய்துவிட்டுப் போங்கள். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் பெயரிலேயே வரும் கார்டுகள் உண்டு, ஆனால் அந்தந்த பங்குக்குத்தான் முழுப் பலன். 3,500 ரூபாய்ச் செலவுக்காக இன்னொரு கார்டைச் சுமக்க வேண்டாம்.

ரயிலுக்கும் இதே கதைதான். ஐஆர்சிடிசியில் யுபிஐயில் கட்டினால் ஏசி டிக்கெட்டுக்குச் சேவைக் கட்டணம் 20, சாதா வகுப்புக்கு 10. கார்டில் கட்டினால் 30, 15. ஜிஎஸ்டி தனி, அதன் மேல் பேமென்ட் கேட்வே பிடித்தம் வேறு. எழும்பூர் டிக்கெட்டில் 1 சதவீத கேஷ்பேக் எதிர்பார்த்து அதைவிட அதிகம் கட்டுவீர்கள். ரயிலில் அடிக்கடி ஏசியில் போகிறவர்களுக்கு ஐஆர்சிடிசி பெயரிலேயே உள்ள கார்டு வேறு விஷயம்.

உப்பளம்_பழசு · சனி, இரவு 9.15

இத்தனை பேர் இத்தனை கணக்குப் போட்டீர்கள். ஒரே ஒரு கணக்கை யாரும் போடவில்லை, நான் போடுகிறேன்.

ஒரு மாதம் கை இறுக்கம். 30,000 பில், மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, 1,500 மட்டும் ஒருவர் கட்டினார் என்று வையுங்கள். வட்டி மாதத்துக்கு 3.75 சதவீதம் போடும் கார்டில் ஏறக்குறைய 1,125 ரூபாய். வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு, 18 சதவீதம், 202 ரூபாய். ஆக 1,327. நெய்வேலி சார் சொன்ன மாதம் 370 கேஷ்பேக்கில் மூன்றரை மாதம் ஒரே அடியில் காலி. அதோடு நிற்காது. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லாத அந்த 45 நாள் சலுகை எல்லாம் கிடையாது. ஏடிஎம்மில் கார்டைச் செருகிப் பணம் எடுத்தாலும் முதல் நாளிலிருந்தே வட்டி, கட்டணம் வேறு.

எனக்குக் கார்டே கிடையாது. அண்ணா சாலையில் சட்டை எடுத்தாலும் ரொக்கம்தான்.

முத்தியால்பேட்டை_மணி · சனி, இரவு 9.22

பெருசு சொல்வது பாயின்ட். முழுசாகக் கட்ட முடியாதவர்களுக்கு எந்தக் கார்டும் வேண்டாம். முழுசாகக் கட்டுபவர்களுக்கு ரொக்கம் நஷ்டம்.

ஆல்பேட்டை_வாசி · ஞாயிறு, காலை 10.05

முழுத் தொகையும் தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டிருக்கிறேன், அதனால் அந்தப் பயம் இல்லை.

சரி, டிராவல் கார்டு வேண்டாம் என்பது புரிந்துவிட்டது. ஆனால் மச்சான் வீட்டுக்குச் சிங்கப்பூர் போகும் அந்த ஒரு தடவைக்காவது மைல் பயன்படாதா? லாஸ்பேட்டை அக்கா என்ன சொல்கிறீர்கள்?

லாஸ்பேட்டை_அக்கா · ஞாயிறு, காலை 11.30

தம்பி, நீங்கள் எங்கிருந்து ஏறுவீர்கள்? எங்கள் லாஸ்பேட்டை ஏர்போர்ட்டில் 2024 டிசம்பரிலிருந்து இண்டிகோவின் ஏடிஆர் என்ற சிறிய விமானம் வந்து போகிறது. மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேலே பறக்கும். ஆனால் அது பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும்தான். சிங்கப்பூர் என்றால் உங்களுக்குத் திருச்சி அல்லது சென்னை. திருச்சியிலிருந்து ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மாதிரி குறைந்த கட்டண விமானங்கள். டிக்கெட்டே மலிவு என்னும்போது மைலுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? நான் சொன்ன வகுத்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள், மைலுக்குக் காசுக்கணக்கில்தான் தேறும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போவதற்காக அவர்களுடைய மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் சேர்க்கலாம், ஆனால் அந்த மைல் 36 மாதத்தில் காலாவதி. மாதம் 13,000 செலவில் மூன்று வருடத்துக்குள் நான்கு பேருக்கு டிக்கெட் சேருமா? சேராது.

உங்களுக்கு வெளிநாட்டில் வேண்டியது மைல் இல்லை, ஃபாரெக்ஸ் மார்க்அப் (வெளிநாட்டுப் பணத்தில் செலவு செய்தால் வங்கி போடும் கூடுதல் கட்டணம்) இல்லாத கார்டு. சாதாரணக் கார்டை அங்கே தேய்த்தால் 3.5 சதவீதம் மார்க்அப், அதன் மேல் ஜிஎஸ்டி, மொத்தம் 4.13 சதவீதம். ஒரு லட்சம் செலவு செய்தால் 4,130 ரூபாய் போய்விடும். நெய்வேலி சார் சொன்ன உங்கள் வருட கேஷ்பேக்கைவிட அது அதிகம்! பெரிய சம்பளம் இல்லாவிட்டாலும் ஃபிக்ஸட் டெபாசிட் மேல் தரும் ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வாவ் மாதிரிக் கார்டில் இந்த மார்க்அப் இல்லை, ஆண்டுக் கட்டணமும் இல்லை.

சிங்கப்பூரில் முஸ்தபா கடையில் பில் போடும்போது மெஷின் "ரூபாயிலா, டாலரிலா" என்று கேட்டால் டாலர் என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் நமக்குப் புரிகிற மாதிரி இருக்கும், ஆனால் அந்த மெஷின்காரன் வைத்த ரேட்டில் மாற்றுவான். அதன் மேல் நம் வங்கியும் ஒரு கட்டணம் போடலாம். பாரிஸில் என் அண்ணியோடு கடைக்குப் போகும்போதெல்லாம் நான் யூரோ பட்டனுக்குத்தான் கையை நீட்டுவேன்.

பண்ருட்டி_பலா · ஞாயிறு, பகல் 1.10

அக்கா, மச்சானுக்கு முந்திரி வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் விலை பேசலாம்.

ஆல்பேட்டை_வாசி · ஞாயிறு, மாலை 5.45

கண்டிப்பாக வருகிறேன் அண்ணே.

அப்போ கட்டணமில்லாத கேஷ்பேக் கார்டு ஒன்று, மளிகைக்கடைக்கு ரூபே ஒன்று, பயணத்துக்கு முன்னால் அந்த எஃப்டி கார்டு. இவ்வளவு வந்த பிறகு பழைய சம்பள வங்கிக் கார்டை மூடிவிடலாமா? இன்னொரு சந்தேகம். அந்தப் போன் பெண் "முதல் வருடம் கட்டணம் இல்லை, எடுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள்" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

நெய்வேலி_டவுன்ஷிப் · ஞாயிறு, இரவு 8.30

பழைய கார்டை மூடாதீர்கள். கட்டணம் இல்லாதது, வயதானது. சிபில் ஸ்கோரில், அதாவது கடனை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதற்கான மதிப்பெண்ணில், கடன் வரலாற்றின் வயதுக்கு மதிப்பு உண்டு. மொத்த லிமிட் பெரிதாக இருந்தால், செலவு லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் நிற்பதும் சுலபம். மருந்துக்கடை பில்லை எப்போதாவது அதில் தேயுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் தொடாமலே விட்டால் வங்கி நோட்டீஸ் கொடுத்து மூடிவிடலாம். ஒரே மாதத்தில் மூன்று கார்டுக்கும் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் சிபிலில் ஒரு விசாரணையாகப் பதியும். இடைவெளி விட்டு வாங்குங்கள்.

"முதல் வருடம் இலவசம்" வேறு, "ஆயுள் முழுக்க இலவசம்" வேறு. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் 5,900 ரூபாய் பில்லில் வந்து உட்காரும். எடுத்தே தீருவேன் என்றால் அதற்கு ஒரு மாதம் முன்பே மூட எழுதிக் கொடுங்கள், சேர்ந்த பாயின்டை அதற்கு முன் செலவழித்துவிடுங்கள். பாக்கி எதுவும் இல்லாமல் மூடச் சொன்னால் 7 வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி.

கேட்காமலே கார்டை வீட்டுக்கு அனுப்பினாலும் கவலை வேண்டாம், நீங்கள் சம்மதிக்காமல் கார்டு தரக் கூடாது என்பதே விதி. 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் உங்களிடம் ஓடிபி வழியாகச் சம்மதம் வாங்க வேண்டும். நீங்கள் தராவிட்டால் செலவில்லாமல் அவர்களே மூட வேண்டும். ஆகவே போனில் ஓடிபி கேட்டால் வாயைத் திறக்காதீர்கள்.

ஆல்பேட்டை_வாசி · ஞாயிறு, இரவு 8.52

இதோ இப்போதுகூட அந்த நம்பரிலிருந்துதான் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு!

முத்தியால்பேட்டை_மணி · ஞாயிறு, இரவு 8.55

எடுத்து, எதுக்கெல்லாம் பலன் கிடையாதுங்கற எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட்டை மெயிலில் அனுப்பச் சொல்லுங்க. அப்புறம் கூப்பிடவே மாட்டாங்க.